ஒரே வளாகம் யாருக்காக?

"கல்லூரி நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் விற்றுவிட்டு பைபாஸ் ரோட்டில் ஒரே வளாகமாகக் கட்டிவிடுவோம்!"

நம் சமுதாயத்தின் கல்வி அறக்கட்டளைக் கூட்டங்களில் இந்தக் குரல் அடிக்கடி கேட்கிறது. கலர் வரைபடம் ஒன்றையும் மேஜையில் விரித்து வைக்கிறார்கள். அதில் தோட்டம் இருக்கிறது, நீரூற்று இருக்கிறது, கண்ணாடி பதித்த நுழைவாயில் இருக்கிறது. லேத் பட்டறை எங்கே என்று தேடினால்தான் கிடைப்பதில்லை. தனவந்தர்கள் தலையாட்டுகிறார்கள். தீர்மானம் நிறைவேறுகிறது.

தலையாட்டும் பெரியவர்களே, ஒரு நிமிடம்! இதே பேச்சு லண்டனில் நடந்திருக்கிறது. அங்கே என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

1848ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் வர்த்தகப் பகுதியில் வாலிபர்களுக்கு மாலை வகுப்புகள் தொடங்கப்பட்டன. பகலெல்லாம் கடையிலும் அலுவலகத்திலும் கணக்கு எழுதிய குமாஸ்தாப் பையன்கள், வேலை முடிந்ததும் நடந்தே வந்து படித்தார்கள். அதுதான் பின்னாளில் சிட்டி ஆஃப் லண்டன் கல்லூரி ஆனது. அதற்குக் கொஞ்ச தூரத்தில், ஜூரி தெருவில், சர் ஜான் காஸ் பெயரில் ஒரு தொழிற்கல்விக் கூடம் இருந்தது. கப்பல் ஊழியர்களுக்கு ஏழாம் எட்வர்டு கடல்சார் கல்லூரி இருந்தது. 1970இல் இந்த மூன்றையும் இணைத்து சிட்டி ஆஃப் லண்டன் பாலிடெக்னிக் என்று பெயர் வைத்தார்கள். 1966இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி உருவான முப்பது பாலிடெக்னிக்குகளில் இதுவும் ஒன்று. 1990இல் கமர்ஷியல் ரோட்டிலிருந்த மரச்சாமான் கல்லூரியும் வந்து சேர்ந்தது.

அந்த மரச்சாமான் கல்லூரி ஏன் அங்கே இருந்தது? கிழக்கு லண்டன்தான் நாற்காலி, மேஜை, அலமாரி செய்யும் ஆசாரிகளின் பேட்டை! கடல்சார் கல்லூரி ஏன் கிழக்கே இருந்தது? கப்பல் துறை அங்கேதான்! மாலை வகுப்பு ஏன் வங்கிகள் நிறைந்த தெருக்களுக்கு நடுவில்? குமாஸ்தாக்கள் அங்கேதான்! யாரும் வரைபடம் விரித்து இடம் தேடவில்லை. தொழில் இருந்த தெருவில் கல்வி முளைத்தது. இதைச் சிதறல் என்பதா? எங்களுக்கு வேர் என்றுதான் தோன்றுகிறது.

கட்டடங்களைப் பாருங்கள். கல்கத்தா ஹவுஸ் என்று ஒன்று. ப்ரூக் பாண்ட் கம்பெனியின் பழைய தேயிலைக் கிடங்கு அது. சென்ட்ரல் ஹவுஸ் என்று இன்னொன்று. சின்னச் சின்னத் துணி உற்பத்தியாளர்கள் மாடிக்கு மாடி தறியும் தையலுமாகத் தொழில் நடத்துவதற்காக 1960களில் எழுப்பப்பட்டது. கிடங்கும் பட்டறையும் வகுப்பறை ஆயின. அழகில்லைதான். ஆனால் கனமான இயந்திரத்தைத் தாங்கும் தளம், சரக்கு ஏற்றி இறக்கும் வாசல், பெரிய ஜன்னல் வெளிச்சம், எல்லாம் இருந்தன. தொழில் கற்க வேறென்ன வேண்டும்?

ஒரு பாலிடெக்னிக் பல இடங்களில் இருப்பதால் கஷ்டமே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. ஆசிரியர் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஓட வேண்டும். ஒரே புத்தகத்தை இரண்டு நூலகத்துக்கு வாங்க வேண்டும். மின்சாரம், காவல், கூரை ஒழுகல், எல்லாம் இரட்டைச் செலவு. கணக்குப் பிள்ளைக்குத் தலைவலிதான். ஆனால் கணக்குப் பிள்ளையின் தலைவலியைத் தீர்க்க மாணவனின் காலை வெட்டலாமா?

1992இல் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களாக மாறின. இது லண்டன் கில்ட்ஹால் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2002இல் வடக்கு லண்டனில் ஹாலோவே ரோட்டில் இருந்த இன்னொரு பழைய பாலிடெக்னிக்கோடு சேர்ந்து லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் ஆனது. ஒன்று வடக்கே, ஒன்று கிழக்கே. இடையில் ஐந்தாறு கிலோமீட்டர்.

கிழக்கே இருந்தது யார் தெரியுமா? நம் மக்கள்! ஒயிட்சேப்பல், பிரிக் லேன் பகுதியெல்லாம் டவர் ஹாம்லெட்ஸ் என்ற நகராட்சிக்குள் வருகிறது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் முஸ்லிம்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதுவே மிக அதிகம். சில்ஹட்டிலிருந்து கப்பலில் கூலிக்குப் போன லஸ்கர்களின் வழிவந்தவர்களும், பின்னால் தையல் கூடங்களிலும் உணவகங்களிலும் உழைக்கப் போனவர்களும் அங்கே வேரூன்றினார்கள். பிரிக் லேன் ஜும்ஆ பள்ளிவாசல் கட்டடம் 1743இல் பிரெஞ்சு அகதிகளின் தேவாலயமாகக் கட்டப்பட்டது. பிறகு யூதர்களின் ஜெபாலயம். 1976 முதல் பள்ளிவாசல். வந்த ஒவ்வொரு ஏழைச் சமூகமும் அந்தத் தெருவில்தான் கால் ஊன்றியது. கிழக்கு லண்டன் பள்ளிவாசலிலிருந்து ஆல்ட்கேட் கல்லூரிக் கட்டடங்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை.

2012இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே, மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்கு முஸ்லிம்கள், அவர்களில் பெண்களே அதிகம் என்று சொன்னார். வளாகத்தில் மது இல்லாத பகுதிகள் வைக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். பத்திரிகைகள் உடனே கூப்பாடு போட்டன. அந்தக் கூப்பாட்டில் முக்கியமான செய்தி அமுங்கிப் போயிற்று. வீட்டிலிருந்து போய்த் திரும்புகிற தூரத்தில் கல்லூரி இருந்தால் நம் பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். அதுதானே செய்தி?

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் இன்னொரு இடி. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்தை பிரிட்டிஷ் குடியேற்ற அதிகாரிகள் ரத்து செய்தார்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் நடுத்தெருவில் நின்றார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள் தொடர முடிந்தது. உரிமம் 2013 ஏப்ரலில்தான் திரும்பக் கிடைத்தது. ஏஜெண்டின் பேச்சை நம்பி மகனை லண்டனுக்கு அனுப்பத் துடிக்கும் வியாபாரிகள் இதையும் ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2015இல் நிர்வாகம் ஒரு திட்டம் அறிவித்தது. 'ஒரே வளாகம், ஒரே சமூகம்' என்று பெயர்! ஆல்ட்கேட் பகுதிக் கட்டடங்களைக் கைவிட்டு எல்லோரும் ஹாலோவே ரோட்டுக்குப் போக வேண்டும். கூடவே சுமார் 400 பேருக்கு வேலை போகும் என்றும் செய்தி வந்தது. எந்தப் படிப்புகளுக்கு முதலில் கத்தி? இசைக்கருவி செய்யும் படிப்பு, வெள்ளி வேலை, நகை வேலை. கையால் செய்து கற்கும் படிப்புகள்! அவற்றுக்கு இடம் அதிகம் தேவை. கரும்பலகை மட்டும் போதாது, கொல்லுலை வேண்டும். இடத்தைச் சுருக்க நினைப்பவன் முதலில் பட்டறையைத்தான் மூடுவான்.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த டிசம்பரில் சென்ட்ரல் ஹவுஸுக்குள் புகுந்து இரவு பகலாக உட்கார்ந்தார்கள். கலைப் பள்ளியின் தலைவரும் பதவியை விட்டுப் போனார். ஆனாலும் கட்டடம் விலை போயிற்று. ஐந்து கோடி பவுண்டு! லண்டன் வங்கித் தெருக்களின் வாசலில் இருக்கும் மனை அல்லவா? குமாஸ்தாப் பையன்கள் படித்த காலத்தில் அதற்கு அந்த விலை இல்லை. விலை ஏறிய பிறகுதான் "சிதறல்" கண்ணுக்குத் தெரிந்தது!

2017இல் கலைப் பள்ளி அந்தப் பழைய தேயிலைக் கிடங்குக்கே, கல்கத்தா ஹவுஸுக்கே, போய்ச் சேர்ந்தது. ஆல்ட்கேட்டை முழுவதும் காலி செய்யும் திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. போராடியதால் மிஞ்சியது ஒன்று. விற்ற கட்டடம் விற்றதுதான், திரும்பி வரவில்லை.

இனி நம் கதை. பஜாரில் இருக்கும் பழைய கட்டடம் யார் கொடுத்தது? சந்தை நாளில் கடை வாடகையோடு கல்விக்கும் ஒரு பங்கு ஒதுக்கிய நம் முன்னோர் கொடுத்தது. அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் வைண்டிங், ஏ.சி. மெக்கானிசம் வகுப்பு நடந்தால் ஜவுளிக்கடைப் பையனும் இரும்புக்கடைப் பையனும் வருவார்கள். பைபாஸ் ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நடந்தால் வருவார்களா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? திட்ட அறிக்கையில் அந்தக் கேள்விக்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்களா? பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளையை அந்தப் பஸ்ஸில் இருட்டில் அனுப்பத் துணியும் தகப்பன்மார் எத்தனை பேர்?

பெரிய இயந்திரக் கூடம் ஊருக்கு வெளியே வேண்டுமா? தாராளமாகக் கட்டுங்கள். அதற்கு பஜார் கட்டடத்தை ஏன் விற்க வேண்டும்? ஒரு கல்லூரி இரண்டு இடத்தில் இருந்தால் கெட்டுவிடுமா? மின்சாரப் படிப்பின் முதல் ஆண்டை ஊருக்குள் வையுங்கள், மாலை வகுப்பை ஊருக்குள் வையுங்கள், கனரகப் பயிற்சியை வெளியே கொண்டு போங்கள். இரண்டு கட்டடத்துக்கும் காவலாளி சம்பளம் கட்டுபடியாகவில்லை என்றால், நுழைவாயில் கண்ணாடிக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே திருப்புங்கள்.

இளைஞர்களே! வரும் மகாசபைக்கு நீங்களும் போங்கள். உறுப்பினர் சந்தா கட்டிய தகப்பன்மாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். விற்பனைத் தீர்மானம் வாசிக்கப்படும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மனையை வாங்கப் போவது யார்? அவருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் என்ன உறவு? புதிய வளாகத்தில் பட்டறையின் அளவு எத்தனை சதுர அடி? பதில் வரும்வரை உட்காராதீர்கள்.