ஒப்பந்தத்தின் மறு தரப்பு

அரசாங்கத்தின் பொருளால் மருத்துவம் கற்று வெளிவரும் இளைஞர், தமக்கு உகந்த ஊரைத் தேடிக்கொண்டு அங்கே தொழில் நடத்தலாமா, அல்லது சர்க்கார் சுட்டும் ஊரில் குறித்த காலம் பணிபுரிந்த பின்னரே தம் விருப்பத்தைப் பற்றி எண்ண வேண்டுமா என்னும் பிரச்சினை, நம் தேசத்தில் அவ்வப்போது மூண்டெழுந்து, அடங்கிவிட்டதாக நாம் நினைத்திருக்கும்போதே வேறோர் உருவத்தில் மீண்டும் தலையெடுத்து வருவதை இத்தொழிலில் உள்ளோர் யாவரும் அறிவர். 2007-ஆம் ஆண்டில், அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் அன்புமணி ராமதாஸ், எம்.பி.பி.எஸ். பயில்வோர் ஒவ்வொருவரும் ஓராண்டு கிராமாந்தரங்களில் சேவை செய்தாக வேண்டுமென்ற யோசனையை முன்வைத்தபோது, தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் வகுப்பறைகளை விட்டு வீதிக்கு வந்தார்கள். விஷயத்தை ஆராயச் சாம்பசிவ ராவ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. யோசனையோ நடைமுறைக்கு வராமலே நின்றுபோயிற்று. ஆயினும் அதன் உட்கருத்து மறையவில்லை. கர்நாடகம் 2012-இல் கட்டாய சேவைக்கென்றே ஒரு சட்டம் இயற்றிற்று. தமிழ்நாடு உள்பட மற்ற மாநிலங்கள் பலவும், பட்டமேற்படிப்பில் சேரும் நாளிலேயே மாணவரிடம் எழுதி வாங்கும் ‘பாண்ட்’ என்னும் ஒப்பந்தப் பத்திரத்தைக் கொண்டு, சட்டத்தால் செய்யக்கூடியதைக் கையொப்பத்தால் செய்துகொண்டன.

இந்தப் பத்திரம் செல்லுமா செல்லாதா என்ற வாதம் 2019 ஆகஸ்டில் முடிவுக்கு வந்துவிட்டது. பட்டமேற்படிப்பு, உயர் சிறப்புப் படிப்பு மாணவர்கள் தொடுத்த வழக்கில், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை பறிபோகிறது என்றும், இது அரசியல் சாசனம் விலக்கிய கட்டாய உழைப்புக்கு ஒப்பாகும் என்றும் எடுத்துரைக்கப்பட்ட வாதங்களை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. நிபந்தனையை அறிந்தே மாணவர் சேர்ந்தார் என்பதும், பொதுமக்களின் பொருளால் கற்பிக்கும் அரசுக்கு அப்பொதுமக்களின் ஆரோக்கியத்தைப் பேணும் பொறுப்பும் உண்டென்பதும் தீர்ப்பின் அடிநாதமாக இருந்தன. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் இந்நிபந்தனைகளை ஒரே சீராக்குவது குறித்து மத்திய அரசும் மருத்துவக் கவுன்சிலும் ஆலோசிக்க வேண்டுமென்ற கருத்தையும் நீதிமன்றம் அதனுடன் சேர்த்தே சொல்லியது.

அத்தீர்ப்பு நியாயமானதென்றே நாம் கருதுகிறோம். இவ்வாறு சொல்லும்போது நம் வாசகரில் ஒரு பகுதியினருக்கு, குறிப்பாக ஒப்பந்தக் காலத்தில் இருக்கும் இளைய தோழர்களுக்கு, மனக்கசப்பு உண்டாகும் என்பதை அறியாமல் சொல்லவில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவர் செலுத்தும் கட்டணத்தையும், அதே படிப்புக்குத் தனியார் கல்லூரியில் மற்றொருவர் செலுத்தும் கட்டணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடையிலுள்ள வேற்றுமையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி தானே எழும். தீப்பெட்டி வாங்கும்போதும் வரி செலுத்துகின்ற, தம் வீட்டில் ஒருவர்கூட மருத்துவக் கல்லூரியின் வாசலை மிதித்திராத ஜனங்கள் கொடுத்தார்கள். அது மட்டுமன்று, நாம் கற்ற ஒவ்வொரு கைப்பழக்கமும், நரம்பில் ஊசி ஏற்றுவது முதல் வயிற்றைத் திறந்து மூடுவது வரை, பொது வார்டில் படுத்திருந்த அவர்களுடைய சரீரங்களின்மீதே கற்றதாகும். இந்தக் கடனை மறுத்துவிட்டுச் சுதந்திரம் என்ற ஒற்றைச் சொல்லைக் கவசமாக அணிந்துகொள்ளும் வாதத்தில், நம் சங்கங்களின் தீர்மானங்கள் சில வேளைகளில் தங்கி நின்றிருப்பது நம் தொழிலுக்குப் பெருமை தருவதன்று.

ஆனால் ஒப்பந்தம் என்பது ஒருவர் மட்டும் கட்டுப்படும் பத்திரமாக இருக்க முடியாது. நாம் இந்த உரையில் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்: இளைய மருத்துவரை ஓர் இடத்துக்கு அனுப்பும் அதிகாரம் அரசுக்கு உண்டென்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்த இடத்தை மருத்துவம் செய்யத்தக்க இடமாக வைத்திருக்கும் கடமை அரசுக்கு உண்டென்பதைப் பத்திரத்தில் எழுதச் சொல்லி இதுவரை எவரும் போதிய வலுவுடன் கேட்கவில்லை.

தாலுகா மருத்துவமனை ஒன்றில் இயங்கும் சீமாங் மையத்தை எடுத்துக்கொள்வோம். மகப்பேற்று நெருக்கடிகளையும் பச்சிளங்குழந்தைகளின் ஆபத்துகளையும் எந்நேரமும் எதிர்கொள்வதற்கென்றே நிறுவப்பட்ட இம்மையங்களுக்கு, பிரசவ காலத் தாய்மார் மரணத்தைத் தமிழ்நாடு குறைத்த சரித்திரத்தில் உயர்ந்த ஸ்தானம் உண்டு. அங்கே எம்.எஸ். முடித்த ஒரு மகப்பேறு நிபுணர் ஒப்பந்தப் பணிக்கு வருகிறார் என்று கொள்வோம். இரவு இரண்டு மணிக்குச் சிசுவின் இதயத் துடிப்பு தளர்கிறது. உடனே சிசேரியன் செய்தாக வேண்டும். அந்த நிபுணரின் கைகள் எவ்வளவு பழகியவையாக இருந்தாலும், மயக்க மருந்து நிபுணர் அன்றிரவு பணியில் இல்லையென்றால், அல்லது தாய்க்குப் பொருந்தும் வகை இரத்தம் சேமிப்பறையில் இல்லையென்றால், குழந்தையை ஏந்திக்கொள்ளப் பயின்ற செவிலியர் இல்லையென்றால், தாயை 108 வண்டியில் ஏற்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவதைத் தவிர அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. வழியில் விபரீதம் நேர்ந்தால் உறவினரின் கோபத்துக்கும், பின்னர் நடக்கும் பிரசவ மரணத் தணிக்கையின் கேள்விகளுக்கும் முதலில் முகங்கொடுப்பவர், பணிக்கு வந்து சில வாரங்களே ஆன அந்த இளம் நிபுணராக இருப்பார். மருத்துவர் பணியிடம் நிரப்பப்பட்டது என்று பதிவேடு சொல்லும். மருத்துவம் கிடைத்ததா என்று அதனால் சொல்ல இயலாது. ஒரு நிபுணரைத் தனியே அனுப்புவதால் அந்த ஊருக்கு நிபுணத்துவம் போய்ச் சேர்வதில்லை. மகப்பேறு, மயக்க மருந்து, குழந்தை நலம் ஆகிய மூன்று துறையினரும் ஒருசேர அனுப்பப்படும்போதே அவர்களுள் ஒவ்வொருவரும் நிபுணராகிறார் என்ற எளிய உண்மையை, கவுன்சிலிங் நாளன்று காலியிடப் பட்டியலை வரிசைப்படி நிரப்பிச் செல்லும் முறை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. கட்டாய சேவையைப் பற்றிய யோசனைகள் எங்கே எழுந்தாலும், அவற்றின் பாரம் முழுவதும் புதிதாகப் பட்டம் பெற்றோரின் தலையிலேயே இறக்கப்படுகிறது. காரணம் வெளிப்படை, பணியில் ஊன்றிவிட்ட மூத்தவர்களை அசைப்பது எந்த அரசுக்கும் கடினம், சான்றிதழுக்காகக் காத்திருக்கும் இளைஞரை அசைப்பது எளிது. விளைவு என்னவென்றால், மிகுந்த அனுபவமும் தனித்து முடிவெடுக்கும் துணிவும் வேண்டப்படுகின்ற மலைப்பிரதேசங்களுக்கும் ஒதுக்கமான ஊர்களுக்கும் அனுபவத்தில் குறைந்தவர்கள், மிகக் குறுகிய காலத்துக்கு, பெயர்ந்து செல்லும் நாளை எண்ணியபடியே அனுப்பப்படுகிறார்கள். 2023-இல் தமிழ்நாட்டில் பட்டமேற்படிப்பு ஒப்பந்தக் காலம் ஈராண்டிலிருந்து ஓராண்டாகக் குறைக்கப்பட்டது இளைஞருக்கு ஆறுதல்தான், அதை நாமும் வரவேற்றோம். எனினும் கல்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ ஆண்டுக்கொரு புதிய முகத்தைப் பார்க்கும் நோயாளியின் நிலையிலிருந்தும் அதை நோக்க வேண்டும். தொற்று நோய்களின் காலம் போய், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கேடும் கிராமங்களின் நித்திய வியாதிகளாகிவிட்ட இக்காலத்தில், ஒரே மருத்துவர் ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் அறிந்திருப்பதே சிகிச்சையில் பாதியாகும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது. அந்த மருந்தின் அளவை மாற்ற வேண்டிய நாளில் நோயாளியை அறிந்த மருத்துவர் அருகில் இருக்க வேண்டாமா?

கிராமத்தில் மருத்துவரைத் தங்கச் செய்யும் முயற்சி நமக்குப் புதிதன்று. சென்னை மாகாண அரசாங்கம் 1920-களிலேயே, நாட்டுப்புறத்தில் குடியேறித் தொழில் நடத்த முன்வரும் மருத்துவர்களுக்கு ஆண்டுதோறும் மானியம் கொடுத்து, ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்யும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தது. அக்காலத்தில் எல்.எம்.பி. என்னும் லைசென்ஷியேட் படிப்பு முடித்த மருத்துவர்கள் நம் தாத்தாக்களின் ஊர்களில் எத்தகைய மதிப்புடன் விளங்கினார்கள் என்பதை மூத்த வாசகர்கள் சிலரேனும் கேட்டறிந்திருப்பர். 1946-இல் வெளிவந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, தேசமெங்கும் ஒரே தரமான மருத்துவக் கல்வி வேண்டுமென்ற உயர்ந்த நோக்கத்துடன் அந்த லைசென்ஷியேட் படிப்பை நிறுத்தச் சொன்னது. உறுப்பினர் சிலர் அப்போதே மாறுபட்டுக் குறிப்பெழுதினார்கள். எவர் கூற்றுச் சரி என்ற பழைய வழக்கை இப்போது திறக்க நாம் விரும்பவில்லை.

மருத்துவரைக் கிராமத்துக்கு வரச் செய்ய நம் மாநிலம் பின்னர் கண்டுபிடித்த மிகச் சிறந்த ஒப்பந்தம், ஒப்பந்தம் என்று பெயர் பெறாத ஒன்றேயாகும். அரசுப் பணியில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உழைத்த எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பு இடங்களில் பாதியை ஒதுக்கிய சர்வீஸ் கோட்டாவைச் சொல்கிறோம். கிராமத்துக்குப் போனால் மேற்படிப்புக்கு வழி பிறக்கும் என்ற நம்பிக்கை ஒன்றே, எந்த அபராதத் தொகையும் இல்லாமல், ஆயிரக்கணக்கான இளைஞரை விரும்பி அங்கே போகச் செய்தது. படித்து முடித்தபின் ஓய்வு பெறும் வரை அரசுப் பணியில் இருப்பதாக அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மாவட்ட மருத்துவமனைகளின் அறுவைக் கூடங்களையும் மருத்துவக் கல்லூரிகளின் ஆசிரியர் பீடங்களையும் நிரப்பியவர்கள் பெரும்பாலும் இவர்களே. 2016-இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் வந்த தீர்ப்பின் விளைவாக, 2017-இல் பட்டமேற்படிப்பின் பட்ட இடங்களில் அந்த ஒதுக்கீடு நின்று, அகில இந்திய விதிப்படி எட்டாத ஊர்களில் உழைத்தவர்களுக்கு ஊக்க மதிப்பெண் மட்டுமே எஞ்சியபோது, அரசு மருத்துவர்கள் கொதித்தெழுந்ததை நாம் மறக்கவில்லை. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இத்தகைய ஒதுக்கீடு செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டென்று தெளிவாக்கியது. உயர் சிறப்புப் படிப்புகளுக்கும் 2022-இல் அதற்கு வழி திறந்தது. கட்டாயமும் ஊக்கமும் எதிரெதிரே வைத்துப் பேசப்படும்போதெல்லாம் இந்த அனுபவத்தை நாம் முன்வைக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அளித்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதனோடு சேர்த்தே எண்ணலாம். கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர் கிராமத்தில் பணிபுரிய முன்வரும் வாய்ப்பு அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பிற நாடுகளின் அனுபவமும் இதே திசையைக் காட்டுகிறது. ஜெர்மனியில், ஒரு பிரதேசத்தில் குறித்த அளவுக்கு மேல் மருத்துவர் பெருகிவிட்டால் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அங்கே புதியவர் தொழில் தொடங்க அனுமதியில்லை. ஒரு கதவை அடைப்பதால் மற்றோர் ஊரின் கதவு தானே திறந்துவிடுவதில்லை என்பதை அங்கே மருத்துவரின்றி வாடும் நாட்டுப்புறங்கள் காட்டுகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் புதிய மருத்துவர்களைக் குறித்த ஊர்களில் மட்டுமே கட்டணம் பெற அனுமதித்தபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-இல் அவ்விதியை ரத்துச் செய்தது. இவற்றுக்கெல்லாம் மாறாக, ஜப்பானில் மாகாணங்கள் கூடி 1972-இல் நிறுவிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம், ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் சில மாணவரைத் தேர்ந்தெடுத்து, கல்விச் செலவைக் கடனாக அளித்து, அவர்கள் தத்தம் மாகாணத்துக்கே திரும்பி ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் பணிபுரிந்தால் அக்கடனைத் தள்ளிவிடுகிறது. ஒன்பதாண்டு என்பது நம் ஓராண்டைவிடப் பன்மடங்கு கடினமான நிபந்தனை. ஆயினும் மாணவர் மனமுவந்து ஏற்கின்றனர். போகும் ஊர் தம் ஊர் என்பதும், முன்னே சென்ற மூத்தவர் அங்கே இருக்கிறார் என்பதும், பத்திரத்தின் இரு பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் காரணங்களாக இருக்கலாம்.

ஆகவே அரசிடம் நாம் கேட்பது விடுதலையன்று. தேர்வு முடிவு வெளியான சில வாரங்களுக்குள் பணியிடம் காட்டப்பட வேண்டும். காட்டத் தவறினால் காத்திருந்த காலம் ஒப்பந்தக் காலத்திலேயே கழிய வேண்டும். ஏனெனில் பணியும் கிடைக்காமல் மூலச் சான்றிதழ்களும் கைக்கு வராமல் இளைஞரை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது எந்த நோயாளிக்கும் பயன்படுவதன்று. அறுவைக் கூடமில்லாத இடத்துக்கு அறுவை நிபுணரை அனுப்பலாகாது. அதே வேலையைச் செய்யும் நிரந்தர மருத்துவரின் ஊதியம் ஒப்பந்த மருத்துவருக்கும் உரியது. மகப்பேறு விடுப்பை ஒப்பந்தக் காலத்தில் சேர்க்க மறுத்த நடைமுறையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்காத பின்னும், ஒவ்வொரு தாயும் தனித்தனியே வழக்காடித்தான் அவ்வுரிமையைப் பெற வேண்டுமென்பது அரசுக்கு அழகன்று. அரசாணையிலேயே அது இடம்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் ஒப்பந்தப் பணியிடத்துக்கும், தொலைபேசியிலேனும் இரவு பகலாக அழைக்கத்தக்க மூத்த நிபுணர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். பட்டமேற்படிப்பு மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பயில வேண்டுமென்ற விதி 2020-இல் வந்துவிட்டது. அந்த மூன்று மாதங்களை, பின்னாளில் அவர்கள் ஒப்பந்தப் பணிக்குச் செல்லவிருக்கும் மாவட்டத்திலேயே அமைத்துவிட்டால், முன்பின் அறியாத ஊரில் முன்பின் அறியாத முகங்களிடையே முதல் இரவுப் பணியைத் தொடங்கும் சங்கடம் பெருமளவு நீங்கும். இதற்குப் புதிய செலவு ஏதுமில்லை. மருத்துவக் கல்வி இயக்ககமும் பொது சுகாதார இயக்ககமும் மருத்துவப் பணிகள் இயக்ககமும் கலந்து பேசினால் போதும்.

மூத்த தோழர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. இளையவர் போகும் ஊருக்கு நாமும் மாதத்தில் ஓரிரு நாள் சென்று, அவருடன் வார்டைச் சுற்றிவரவும் அறுவைக் கூடத்தில் எதிரே நிற்கவும் நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாக இருக்கிறோம்? பாரம் முழுவதும் அவர்மீது விழுவது அநீதி என்று மேடையில் பேசுவோர், அந்தப் பாரத்தில் ஒரு கைப்பிடியையேனும் தாங்க முன்வந்தால்தான் அப்பேச்சை அரசு செவிமடுக்கும். நம் சங்கங்களின் மாவட்டக் கிளைகள் இதற்கான பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கலாம்.

அடுத்த இதழ் முதல், ஒப்பந்தப் பணியில் இருப்போரும் அதை முடித்து வந்தோரும் தம் பணியிடத்தில் எவையெல்லாம் இருந்தன, எவையெல்லாம் இல்லை என்பதை விவரமாக எழுதுவதற்கு இப்பத்திரிகையில் தனிப் பகுதி ஒதுக்கப்படும். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்போரின் பெயர் வெளியிடப்படமாட்டாது. அறுவைக் கூடம், மயக்க மருந்துக் கருவி, இரத்தச் சேமிப்பு, தங்குமிடம், உடன் பணிபுரிந்தோர், அனுப்ப நேர்ந்த நோயாளிகள் ஆகியவை பற்றிய குறிப்புகளே முதன்மையாக வேண்டப்படுகின்றன. அவற்றைத் தொகுத்துச் சுகாதாரத் துறைச் செயலாளரிடம் நேரில் சமர்ப்பிப்பதாக இருக்கிறோம்.