இருபத்தஞ்சு டாலர் கத்தி

போன புரட்டாசியில நானும் ஏமாந்தேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுக்காரம்மா கையில நாலு தையல் போட்டப்புறம் வெக்கத்தைப் பார்த்துட்டு இருக்க முடியலை. இதைப் படிக்கிற டவுன்காரங்கள்ல சில பேராவது இதே மாதிரி ஒரு கத்திக்கு ஆர்டர் போட்டுட்டு வாசலைப் பார்த்துட்டு இருப்பீங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

ராத்திரி மஞ்சளுக்குத் தண்ணி கட்டிட்டு வந்து போனை நோண்டிட்டு இருந்தேன். ஒரு விளம்பரம் வந்துச்சு. ஜப்பான்ல வயசான கொல்லர் ஒருத்தர் உலைக்கு முன்னால உட்கார்ந்து இரும்பு அடிக்கிறார். பட்டறையை மூடப்போறாராம், கடைசிச் சரக்காம், அதனால எழுபது சதவீதம் தள்ளுபடியாம். விலை 24.99 டாலர். அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிப்போச்சு. கார்டு நம்பரைப் போட்டுட்டேன். டாலர் மாத்துற கூலியெல்லாம் சேர்த்து பேங்க்ல 2,200 ரூபாய் கிட்டப் புடிச்சாங்க.

37 நாள் கழிச்சு ஒரு பிளாஸ்டிக் உறையில கத்தி வந்துச்சு. அனுப்பின ஊர் ஜப்பான் இல்லை, சீனா. போகட்டும்னு விட்டேன். பார்க்க அம்சமாத்தான் இருந்துச்சு. தகடு பூரா தண்ணி அலை மாதிரி வரி. பத்து நாள் வெண்டைக்காயும் தக்காளியும் நல்லா நறுக்குச்சு. கம்பி நார் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்த அலை வரி மங்கிட்டே வந்துச்சு. மூணாவது வாரம் அரசாணிக்காய் வெட்டறப்ப, கத்தி பிடியோட வாயிலேயே ஒடிஞ்சு துள்ளி, காயைப் புடிச்சிருந்த இடது கையில இறங்கிடுச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து அந்தப் பிடிக்குள்ள பார்த்தேன். கத்தியோட வால் கட்டைவிரல் நீளம்கூட உள்ளே போகலை. மீதி பூரா பசை.

கடைக்காரனுக்கு போட்டோவோட மெயில் போட்டேன். "இருபது சதவீதம் திருப்பித் தர்றோம், கத்தியை நீங்களே வச்சுக்குங்க"ன்னு பதில் வந்துச்சு. முடியாதுன்னேன். முப்பது சதவீதம்னான். முழுசும் வேணும்னேன். கத்தியை என் செலவுல சீனாவுக்குத் திருப்பி அனுப்பணுமாம். விசாரிச்சா, தபால் செலவு கத்தி விலையைத் தாண்டுது. அடுத்த வாரம் அந்தக் கடையோட பக்கமே திறக்கலை.

ஒடிஞ்ச துண்டை எடுத்துட்டு எங்க ஊர் ஆசாரிகிட்டப் போனேன். அவருக்கு எழுபது தாண்டியாச்சு. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரத்தை எடுத்து விளிம்புல ரெண்டு இழுப்பு இழுத்தார். வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குச்சு. "தம்பி, இது அடிச்ச இரும்பில்லீங். தகட்டுல வெட்டி எடுத்து வரி போட்டிருக்கான். தோய்ச்சலும் சரியில்லீங்"னார். எவ்வளவு கொடுத்தீங்கன்னு அவர் கேட்கலை. கேட்டிருந்தா நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.

அங்க உட்கார்ந்திருந்தப்பதான் எனக்கு உறைச்சுது. இவரும் தை மாசத்தோட பட்டறையை மூடப்போறார். அறுவடை மெஷின் வந்தப்புறம் கருக்கருவாளுக்கு வேலை இல்லை. தோப்புல புல்லு வெட்டவும் மெஷின் வந்தாச்சு. தினம் எரிஞ்ச உலை இப்ப வாரத்துல ரெண்டு நாள்தான் எரியுது. பையன் திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போறான். எவனோ எழுதி விட்ட ஜப்பான் பெரியவருக்காக மனசு இளகின நான், ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கற இவரை எட்டு மாசமா எட்டிப் பார்க்கலை.

சீனாவுல செஞ்சா மட்டம்னு நான் சொல்ல வரலை. அங்க குவாங்டாங் மாகாணத்துல யாங்ஜியாங்னு ஒரு ஊரே கத்தித் தொழில்லதான் பேர் வாங்கியிருக்கு. நல்ல கத்தியும் அங்கிருந்து வருது. உள்ளூர் ஆசாரி செஞ்சாலே உசத்தின்னும் சொல்ல மாட்டேன். இவர் சொன்ன தேதிக்கு ஒரு சாமானும் கொடுத்தது கிடையாது. துடைச்சு வைக்கலைன்னா ராத்திரிக்குள்ள துரு ஏறிடும். ஆனா பிடி ஆடினா கொண்டுபோய் அவர் முன்னால போட முடியும். திட்டிக்கிட்டேயாவது சரி பண்ணித் தருவார்.

என் கட்சி இவ்வளவுதான். கத்தி எந்த நாட்டுலயும் செஞ்சதா இருக்கட்டும். வித்தவனைத் திரும்பப் போய்ப் புடிக்க முடியணும். சட்டை சாயம் போனா சட்டையோட போச்சு. கத்தி ஒடிஞ்சா கையில ஏறுது. குறைஞ்ச விலைன்னு நினைச்சு வாங்கறோம். பொருள் கெட்டா பதில் சொல்ல ஒரு ஆளு வேணுமே, அந்தச் செலவைத்தான் அவன் மிச்சம் புடிச்சிருக்கான்.

அந்த அலை வரியைப் பத்தியும் சொல்லிடறேன், நெறையப் பேர் அதைப் பார்த்துத்தான் மயங்கறோம். டமாஸ்கஸ் எஃகுன்னு போட்டு விக்கறாங்க. பழைய டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கித் தந்த உருக்கு, தென்னிந்தியாவிலயும் இலங்கையிலயும் இருந்து கப்பலேறிப் போனது. எங்க ஈரோடு மாவட்டத்துலயே நொய்யல் கரையில கொடுமணல்ல இரும்பும் எஃகும் உருக்கின தடயத்தைத் தோண்டி எடுத்திருக்காங்க. இன்னைக்கு அதே பேர்ல வர்றது வேற முறை. ரெண்டு விதமான எஃகை அடுக்கடுக்கா வச்சு அடிச்சு ஒட்டி, அமிலத்துல முக்கினா வரி தெரியும். அது உடம்போட இருக்கற வரி. தேஞ்சு மங்கினாலும் மறுபடி அமிலத்துல முக்கினா வந்துடும். என் கத்தியில இருந்தது வெறும் மேல்பூச்சு வேலை. போனா போனதுதான்.

இனி வாங்கறவங்களுக்குச் சில வார்த்தை.

கடையோட பேரு, முகவரி, புகார் அதிகாரி பேரு மூணும் பக்கத்துல இருக்கான்னு பாருங்க. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-ல வந்துச்சு. இந்தியாவுல தொடர்ந்து சரக்கு விக்கற வெளிநாட்டுக் கடைக்கும் அது பொருந்தும். இந்த விவரம் இல்லாத கடை முதல்லயே விதியை மீறித்தான் நிக்குது.

எந்த எஃகுன்னு பேர் போட்டிருக்கான்னு பாருங்க. 'ஜப்பான் எஃகு'ன்னு மொட்டையா இருந்தா விட்டுடுங்க. விஜி-10 ஜப்பான்ல ஃபுகுய் மாகாணத்துல செய்யற நல்ல எஃகு. அந்தப் பேரைப் போட்டு ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்தா சந்தேகப்படுங்க. கத்தியோட வால் பிடிக்குள்ள எவ்வளவு தூரம் போகுதுன்னு கேளுங்க. பிடியோட கடைசி வரைக்கும் போனா உத்தமம்.

வேட்டைக் கத்தின்னு போட்டு விக்கறதுல இளவட்டப் பசங்க ஜாக்கிரதையா இருக்கணும். ஒன்பது அங்குலத்துக்கு மேல நீளமோ, ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்து, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செஞ்சதா இல்லாத கத்தி நம்ம ஆயுதச் சட்டத்துக்குள்ள வந்துடும்.

ஏமாந்துட்டீங்கன்னா கடைக்காரனோட பேரம் பேசி நாளைக் கடத்தாதீங்க. அவனுக்கு வேண்டியதே அதுதான். கார்டுல கட்டியிருந்தா உடனே பேங்குக்கு எழுதி அந்தப் பணத்தைப் பத்தி ஆட்சேபம் பதிவு பண்ணுங்க. அதுக்குக் கெடு உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. கடையே போலின்னா 1930. நான் முப்பது சதவீதமா, முழுசான்னு மல்லுக்கட்டியே மூணு வாரத்தைத் தொலைச்சுட்டுத்தான் பேங்குக்கு எழுதினேன். இன்னும் பதில் வரலை.

டவுன்ல ஆசாரிக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. பழைய பாத்திரக்கடையில நூத்தி ஐம்பது, இருநூறு ரூபாய்க்கு சாதா எவர்சில்வர் கத்தி இருக்கும். அதை வாங்கி, தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட மாசம் ஒருக்கா தீட்டிக்குங்க. வீட்டுச் சமையலுக்கு அது தாராளம்.

லாரிப் பட்டையில ஒரு காய்கறிக் கத்தியும், தென்னைக்கு ரெண்டு கொடுவாளும் ஆசாரிகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். கத்திக்கு 450 ரூபாய். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கச் சொன்னார். எப்படியும் அதுக்கடுத்த வெள்ளி ஆகும். வீட்டுக்காரம்மாவுக்கு தையல் பிரிச்சாச்சு, ஆனா கட்டைவிரலை முழுசா மடக்க இன்னும் முடியலை. அதுவரைக்கும் அருவாமனையில காய் அரியறது நான்தான்.