ஃபில்லர் ஊசியைத் தாதியர் போடலாமா?

தாதிமைப் பட்டப்படிப்பில் நான் இரண்டாம் ஆண்டு மாணவி. உதட்டைத் தடிப்பாக்கவும் மூக்கை எடுப்பாக்கவும் போடப்படும் ஃபில்லர் ஊசியை மருத்துவர் மட்டும்தான் போட வேண்டுமா, தாதியரும் போடலாமா என்று பேச்சு எழுந்தால், நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதைத் தோழிகள் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள். இன்றைய நிலையில் மருத்துவரே போடட்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மருத்துவரின் கை தேர்ந்த கை, தாதியின் கை அப்படியல்ல என்பார்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது யார்? வார்டில் இரவு முழுவதும் ஊசி மருந்து கொடுப்பது யார்? கைத்திறன் எங்களிடம் இருக்கிறது. முகம்தான் வேறு மாதிரியான இடம். மூக்கின் மேலும் இரு புருவங்களுக்கு இடையிலும் ஓடும் சின்னஞ்சிறு தமனிகள், கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியோடு இணைந்தவை. ஃபில்லர் என்பது பெரும்பாலும் ஹயலூரோனிக் அமிலக் கூழ். அது தமனிக்குள் புகுந்துவிட்டால் அந்தப் பகுதித் தோல் இரத்தமின்றி அழுகலாம். ஊசியின் அழுத்தத்தில் பின்னோக்கிப் போய் விழித்திரையின் இரத்த ஓட்டத்தை அடைத்தால், ஒன்றரை மணி நேரத்திற்குள் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். சேதம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். அரிதாகவே நடக்கிறது, ஆனால் நடந்திருக்கிறது. இரத்த நாளத்தைத் தேடிப் பிடிக்கப் பழகியவர்கள் நாங்கள். இங்கே நாளத்தைத் தவிர்க்க வேண்டும். ஊசியைப் பின்னிழுத்துப் பார்த்து இரத்தம் வரவில்லை என்றாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது.

அடைப்பு ஏற்பட்டால் கூழைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை உடனே செலுத்த வேண்டும். அந்த நொதியே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். எவ்வளவு, எங்கே, எப்போது என்று நிமிடங்களில் முடிவெடுத்தாக வேண்டும். மலேசியாவில் தாதிக்கு மருந்து எழுதிக் கொடுக்கும் அதிகாரம் இல்லை. போடும் உரிமையை மட்டும் தந்து, போட்டதைச் சரிசெய்யும் உரிமையைத் தராவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வது தாதியும் நோயாளியும்தான். இங்கிலாந்தில் தாதியர் ஃபில்லர் போடுகிறார்களே என்று சுட்டிக்காட்டுகிறார்கள். அங்கே கூடுதலாகப் படித்துத் தகுதி பெற்ற தாதியர் மருந்தும் எழுதலாம். அதே நாட்டில் எந்த மருத்துவப் பயிற்சியும் இல்லாதவர்கள்கூட நெடுங்காலமாக ஃபில்லர் போட்டு வந்தார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அழகுக்காகப் போடுவதைத் தடுக்கவே 2021 அக்டோபர் வரை சட்டம் இல்லை. எதைப் பின்பற்றுவது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நம் சுகாதார அமைச்சு, மருத்துவப் பட்டம் மட்டும் போதும் என்று விடவில்லை. அழகியல் சிகிச்சை செய்ய விரும்பும் பொது மருத்துவர் எல்.சி.பி. எனப்படும் தகுதிக் கடிதத்தைத் தனியாகப் பெற வேண்டும். இது நல்ல ஏற்பாடு. இதே கதவைத் தாதியருக்கும் திறக்கலாம் என்பது என் வாதம். முக உடற்கூறில் அதே பயிற்சி, அதே தேர்வு. நோயாளியை முதலில் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். ஊசி போடும்போது அவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் உயர்நிலைத் தாதியர் சிலர் 2018 முதல் மருத்துவர்களோடு இணைந்து மருந்து எழுதுகிறார்கள். அந்த அளவுக்குப் படிக்க நாங்களும் தயார். வார இறுதிச் சான்றிதழ் வகுப்பை வைத்துக்கொண்டு கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தனியார் கிளினிக் ஒன்றில் வேலை பார்த்தார். மருத்துவர் வேறு கிளையில் இருந்த நாளில், "நீயே போட்டுவிடு, கையெழுத்து நான் போட்டுக்கொள்கிறேன்" என்று தொலைபேசியில் சொன்னாராம். அக்கா மறுத்தார். அடுத்த மாதமே வேலை போனது. விதி மருத்துவர் பெயரில், வேலை தாதி கையில், பழியும் தாதி மேல் என்ற இந்த ஏற்பாடுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. விவாதம் செய்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் தாதியர் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போகிறார்கள், அரசாங்க வார்டுகளில் ஆள் போதவில்லை. அழகு நிலையங்களும் இழுத்தால் வார்டில் யார் இருப்பது? இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இதற்கிடையில், பட்டமளிப்பு விழாவுக்கு முன் "மாணவர் சலுகை" என்று டிக்டாக்கில் வரும் விளம்பரங்கள் பலவற்றில் மருத்துவரும் இல்லை, தாதியும் இல்லை. ஓட்டல் அறையில் ஊசி போடும் ஒப்பனையாளர்தான் இருக்கிறார். பதிவு பெறாத இடத்தில் மருத்துவச் சேவை நடத்தினால் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ 6 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கண் போனவருக்கு அதனால் என்ன பயன்? போட்டே தீர வேண்டும் என்று நினைப்பவர்கள் மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் மருத்துவரின் பெயரைத் தேடுங்கள். எல்.சி.பி. இருக்கிறதா, ஹயலூரோனிடேஸ் கைவசம் இருக்கிறதா என்று முகப்பிலேயே கேளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டு விழித்தால், முன்பணம் கட்டியிருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.