பார்க்கவில்லை என்று சொல்லட்டும்!

பொய் சொல்கிறவனைக்கூட ஒரு வேளை மன்னித்துவிடலாம். பார்க்காததைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்கிறவனை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. அவன் மனிதனாக இருந்தாலும் சரி, இயந்திரமாக இருந்தாலும் சரி.

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் விவகாரத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

தூத்துக்குடியில் என் அக்காள் மகன் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறான். உப்பளங்களுக்குக் கூலிக் கணக்குப் போடுகிற புரோகிராம். சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை, கூலியை எண்ணிப் பார்த்த பெண்கள் திகைத்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து உழைத்ததற்கான கூடுதல் தொகை ஒருவருக்கும் வரவில்லை. கண் கூசும் வெயிலில், உப்புத் தண்ணீரில் நின்று பாதம் வெடிக்கச் சம்பாதித்த காசு! அடுத்த வாரம் கொடுத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். அந்த ஒரு வாரம் அவர்கள் மளிகைக் கடைக்காரனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

பழி பையன் தலையில் விழுந்தது.

“தப்பு என்னோடதுதான் மாமா. இல்லன்னு சொல்லல. ஆனா அதப் பிடிக்கத்தானே இன்னொருத்தர் பாக்காரு? அவரு கண்ணுக்கு அது தெரியவே இல்லையே!” என்றான்.

ஏன் தெரியவில்லை? புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு பெட்டகத்தில் பதிந்து வைக்கிறார்கள். ‘ரெப்போ’ என்பது அவர்கள் பாஷை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உண்டாக்கிய ‘கிட்’ என்னும் ஏற்பாடு இதற்காக உலகமெங்கும் வழங்குகிறது. பல புரோகிராம்களுக்குப் பொதுவான பகுதியைத் தனிப் பெட்டகமாக்கி, அதைப் பெரிய பெட்டகத்துக்குள் வைப்பதும் உண்டு. அப்போது, உள்ளே இருப்பதை வெளிப்பெட்டகம் வரி வரியாகப் பதிந்துகொள்வதில்லை. உள்பெட்டகத்தின் இன்ன பதிவு என்று ஒரு நீண்ட அடையாள எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறது.

கூலிக் கணக்கு இருந்தது உள்பெட்டகத்தில். பையன் இரண்டிலும் கை வைத்திருந்தான். வெளியே, ஒரு தலைப்பில் எழுத்துப் பிழை திருத்தம். உள்ளே, கூலிக் கணக்கில் மாற்றம். எடிட்டரோடு சேர்ந்த மேற்பார்வைத் திரையில் தெரிந்தது முதலாவது மட்டுமே. அந்த எடிட்டரின் பெயர் இங்கே வேண்டாம். மேலதிகாரி பார்த்தார், ‘சரி’ என்று தட்டினார். உப்பள ஆபீசுக்குப் போனபோதோ இரண்டு மாற்றங்களும் சேர்ந்தே போயின.

“பெட்டகத்துக்குள் பெட்டகம் வைப்பானேன்?” என்கிறார்கள் சிலர். 2007-ஆம் ஆண்டிலேயே கிட் அதற்கு முறைப்படி இடம் கொடுத்துவிட்டது. பாதையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதில் நடந்தவனைத் திட்டுவது என்ன நியாயம்?

“இயந்திரம் துணைக்குத்தான், மனிதனல்லவா கவனிக்க வேண்டும்?” என்கிறார்கள் வேறு சிலர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் கவனிக்கும்படி அது என்ன சொல்லிற்று? திரையை ஒதுக்கிவிட்டு, கிட்டிடமே நேராக நிலவரம் கேட்டால், உள்பெட்டகத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று அது ஒரு வரி சொல்லிவிடுகிறது. அந்த வரியை இந்த அலங்காரத் திரை விழுங்கிவிட்டது. வேலைக்காரன் உண்மையைச் சொல்ல, காரியஸ்தன் அதை எஜமானிடம் மறைத்த கதைதான்!

இந்தக் கடற்கரை அறியாத பாடமா இது? தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அது நடந்த காலத்தில், முதலில் கடலடிப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து வந்து திறந்து, முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்பு உண்டா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். மூடிய சிப்பியை மேலாகப் பார்த்துவிட்டு ‘முத்து இல்லை’ என்று ஓர் அதிகாரி எழுதியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். இன்று வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் கன்டெய்னர்களைப் பாருங்கள். சீல் உடையாமல் இருந்தால், பூட்டிய பிறகு அதை யாரும் திறக்கவில்லை என்றாவது தெரிகிறது. இரும்புப் பெட்டிக்கு உள்ள நாணயம் இந்தத் திரைக்கு இல்லை!

நான் பெரிய வித்தை எதையும் கேட்கவில்லை. “உள்ளே இன்னொரு பெட்டகம் இருக்கிறது, அதை நான் பார்க்கவில்லை” என்று ஒரு வரி எழுதட்டும். பார்க்க முடியாதது குற்றமல்ல. பார்க்காத இடத்தை வெறுமையாகக் காட்டி, அங்கே ஒன்றுமில்லை என்று நம்பவைப்பதுதான் குற்றம். கூலியும் மருந்தும் ரயில் டிக்கெட்டும் இந்தப் பெட்டகங்களை நம்பி ஓடுகிற காலத்தில், அது சின்னக் குற்றமும் அல்ல.

பையன் உப்பளத்துக்கு நேரில் போய் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். திரையோ இன்னமும், வேறு மாற்றம் எதுவும் இல்லை என்றே காட்டிக்கொண்டிருக்கிறது.