பந்தாட்டமும் பந்தயக் கணக்கும்

விளையாட்டு மகிழ்ச்சி தருவது. சூது அம்மகிழ்ச்சிக்கு விலை பேசுவது. இன்று இரண்டும் ஒரே கைப்பேசித் திரையில் அடுத்தடுத்து நிற்கின்றன. உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி வரும்போதெல்லாம், எந்த அணிக்கு எத்தனை மடங்கு என்னும் பந்தய விகிதங்களும் செய்திபோல் பரவுகின்றன. அவற்றை வல்லுநர்தம் கணிப்பென்றே இளைஞர் பலர் நம்பிவிடுகின்றனர்.

விகிதம் என்பது முன்னறிவிப்பன்று. பந்தயம் நடத்துபவன் விதிக்கும் விலை. சம வலிமையுள்ள இரண்டு அணிகள் இறுதியாட்டத்தில் மோதுவதாகக் கொள்வோம். எவ்வணி வென்றாலும், அதன்மேல் கட்டிய 100 ரூபாய்க்கு 190 ரூபாய் கிடைக்கும் என்பது விகிதம். ஓரணியின் மீது ஒருவரும் எதிரணியின் மீது மற்றொருவரும் நூறு நூறாகக் கட்டுகின்றனர். வந்தது 200, வென்றவர்க்குப் போவது 190. எஞ்சிய 10 ரூபாய் நடத்துபவனுக்கு. களத்தில் எவர் தோற்றாலும் அவனுக்குத் தோல்வியில்லை. ஒருவர் ஒருநாள் வெல்லலாம். ஆடுவோர் அனைவரின் பணமும் ஆட்டந்தோறும் தேய்வதே இக்கணக்கின் அமைப்பு. 2022இல் 64 ஆட்டங்களாக இருந்த உலகக் கோப்பை, 2026க்கு 104 ஆட்டங்களாக விரிவாக்கப்பட்டது. சுவைஞர்க்கு அது விருந்து. சூது நடத்துவோர்க்கோ அறுவடை.

விகிதம் வெற்றியை அறியும் என்பார்க்கு 2022 நவம்பர் 22ஆம் நாளே விடை. 36 ஆட்டங்களில் தோல்வியறியாது வந்த அர்ஜென்டினாவைச் சவூதி அரேபியா 2-1 என வீழ்த்தியது. அதே அர்ஜென்டினாதான் டிசம்பர் 18இல் கோப்பையை ஏந்தியது. நாளை நடப்பதை எவரும் அறியாமையே ஆட்டத்தின் அழகு. அதனைச் சுவைக்கப் பணயம் வேண்டா.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இஃது ஏட்டுச் சிக்கல் அன்று. அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் வட்டாரங்களில் கடல் கடந்து உழைப்போரின் வருவாயால் அடுப்பெரியும் இல்லங்கள் பல. வளைகுடா வெயிலில் தந்தை திங்கள் முழுதும் ஈட்டியதை மகன் தொண்ணூறு நிமிடத்தில் இழப்பானாயின், கரைவது பணம் மட்டுமோ? தங்கையின் படிப்பும் தாயின் மருந்தும் அதனுடன் கரையும்.

தமிழக அரசு 2003இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது. 2022இல் இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில், பணம் வைத்தாடும் இணையவழி ஆட்டங்களை நாடாளுமன்றமும் தடை செய்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் அயல்நாடுகளிலிருந்து இயங்கும் தளங்கள் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் வர இயலும். சட்டம் வாயிலை அடைக்கலாம். ஆசையை அடைப்பது அறிவின் பணி.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதினை வைத்தார். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமும் மதுவையும் சூதையும் ஒருசேர விலக்குகிறது. இரண்டும் அறிவை மயக்குவன என்பதை எண்ணின், இவ்வொற்றுமை வியப்பன்று.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்: சூதைக் கடியும் வேகத்தில் பந்தாட்டத்தையே கடியாதீர்கள். பந்துக்குப் பின் ஓடும் பிள்ளைக்குத் திடல் அமைத்துக் கொடுங்கள். ஆசிரியர்கள் மேற்காட்டிய கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டட்டும். மாணவர்களே, வெற்றியில் ஆரவாரியுங்கள், தோல்வியில் வருந்துங்கள். உங்கள் இல்லத்தார் வருந்தும் தோல்வியை மட்டும் விலை கொடுத்து வாங்காதீர்கள்.