சாவி யாரிடம் இருக்கிறது?

2021 ஜூலையில் சுவீடனின் 'கூப்' அங்காடி நிறுவனம் ஏறத்தாழ 800 கடைகளை மூட நேர்ந்தது. கல்லாக் கணினிகள் முடங்கிவிட்டன. தொலைவிலிருந்தே கணினிகளில் மென்பொருளை நிறுவவும் பராமரிக்கவும் உதவும், அமெரிக்காவின் 'கசேயா' நிறுவனத் தயாரிப்பின் வழியாகவே பணம் பறிக்கும் கும்பல் நுழைந்தது. இத்தனைக்கும் கூப், கசேயாவின் நேரடி வாடிக்கையாளர் அல்ல. கல்லாக் கணினிகளைப் பராமரித்த ஒப்பந்த நிறுவனம்தான் அதைப் பயன்படுத்தியது.

இத்தகைய மென்பொருள் நிர்வாகிக்குரிய அனுமதியுடன் இயங்குகிறது. எதையும் நிறுவலாம், நீக்கலாம். போதாக்குறைக்கு, வைரஸ் தடுப்புச் சோதனையிலிருந்து அதன் கோப்புறைகளுக்கு விலக்களிக்கவும் கசேயா பரிந்துரைத்திருந்தது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் காவலாளியையும் அனுப்பிவிட்ட கதைதான்!

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது இது: அனுமதி தந்தவர்கள் பராமரிப்புச் செலவை மிச்சப்படுத்தினர், பூட்டிய கடையிலிருந்து திரும்பிய நுகர்வோரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. எனவே, தொலைநிலை அனுமதியைக் குறிப்பிட்ட பணிக்கும் காலத்துக்கும் மட்டும் வழங்குவதை ஒப்பந்தக்காரரின் விருப்பத்துக்கு விடாமல் சட்டக் கடமையாக்க வேண்டும் என்பேன்.