கண்ணை உருட்டினால் மலை ஏன் அசைவதில்லை?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் ஓரத்தை இமைக்கு மேலாக விரலால் மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். எதிரே உள்ள மலையும் லயமும் சற்று நகரும். அதே கண்ணை நீங்களாகவே உருட்டினால் எதுவும் நகராது. இரண்டு தடவையும் விழித்திரையில் படம் இடம்பெயரத்தான் செய்கிறது.

19ஆம் நூற்றாண்டிலேயே விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த வேறுபாட்டை ஆராய்ந்தார். 1950இல் ஃபொன் ஹோல்ஸ்ட், ஸ்பெரி முதலியோர் தெளிவான விளக்கம் தந்தார்கள். கண் தசைக்குக் கட்டளை போகும்போதே அதன் நகலொன்று மூளையின் பார்வை அமைப்புக்கும் போகிறது. நானே செய்த அசைவு இது என்று மூளை அதைக் கழித்துவிடுகிறது. விரல் தள்ளும்போது அந்த நகல் இல்லை. ஆகவே மலைதான் நகர்ந்தது என்று மூளை எண்ணிக்கொள்கிறது.

ஊவாவின் பசறைத் தேயிலைச் சரிவில் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து எடுக்கும் பெண்ணைப் பாருங்கள். செக்கனுக்கு ஏறக்குறைய மூன்று தடவை கண் தாவுகிறது, தலை ஆடுகிறது, கால் பிடிமானம் தேடுகிறது. ஆனாலும் செடி அவருக்கு அசையாமல் நிற்கிறது, இரண்டு இலையும் மொட்டும் விரலுக்குத் தப்புவதில்லை. இதைத் தேர்ச்சியில்லாத வேலை என்று எழுதுவது அறியாமை.

உடலின் அசைவு பார்வையைத் தொடுவது இத்தோடு நிற்பதில்லை. மூளையின் பார்வைப் புறணி வெறும் படம் வாங்கும் இடம் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 2010இல் ஆய்வாளர்கள் நீல், ஸ்டிரைக்கர் இருவரும் சுண்டெலிகளை ஓடவிட்டுப் பதிவுசெய்தபோது, ஓடும் வேளையில் அங்குள்ள நரம்பணுக்கள் பல, கண்ட காட்சிக்கு இரு மடங்குக்கு மேல் வலுவாகப் பதிலளித்தன. மார்மோசெட் குரங்குகளில் இவ்விளைவு மிகச் சிறியது. ஆகவே எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிடக் கூடாது.

பார்க்கக் கற்பதிலும் சொந்த அசைவுக்குப் பங்கு உண்டு. 1963இல் ஆய்வாளர்கள் ஹெல்டும் ஹைனும் இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளைச் சோடி சோடியாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்று நடந்தது, மற்றது தொட்டியில் அமர்ந்தபடி நடந்த குட்டியோடு சேர்ந்து சுற்றியது. இரண்டும் கண்ட காட்சி ஏறக்குறைய ஒன்றே. நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு விலகியது, சுமக்கப்பட்டதற்கு அது தெரியவில்லை. வெளிச்சத்தில் தாராளமாக நடமாட விட்டதும் இரண்டு நாளில் அதுவும் கற்றுக்கொண்டது. நம் குழந்தைகளிடமும் தவழ்ந்த அனுபவம் கூடக்கூட உயரத்தைக் கண்டு தயங்குவதும் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தாய்மார் மலையில் நிற்கும் நேரமெல்லாம் ஊவாத் தோட்டங்களின் குழந்தைகள் இருப்பது பிள்ளைக் காம்பராவில். அங்கே பொறுப்பாக இருப்போரிடம் ஒரு வேண்டுகோள்: தூக்கம் கலைந்த பிள்ளையைத் தொட்டிலிலேயே விடாதீர்கள். பாயை விரித்துத் தரையில் விடுங்கள், தவழட்டும்.